மேடைப் பேச்சும் கைப்பேசி விளம்பரமும்

கேள்வி: தேர்தல் பிரசாரம் மேடையிலிருந்து கைப்பேசிக்கு மாறியதால் ஜனநாயகத்துக்கு என்ன கேடு வந்துவிட்டது? பொய் வாக்குறுதிகள் அன்றும் இருந்தனவே?

பதில்: இருந்தன, ஆனால் மேடையில் சொன்ன பொய்யை எதிர்க்கட்சிக்காரரும் கேட்டார், மறுநாளே மறுத்துப் பேசினார். கைப்பேசியில் உங்களுக்கென்று காட்டப்படும் விளம்பரம் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணில்கூடப் படுவதில்லை; ஒரே வேட்பாளர் உங்களிடம் வரியைக் குறைப்பேன் என்றும், அவரிடம் அரசின் செலவைக் கூட்டுவேன் என்றும் சொல்லிவிட்டுப் போகலாம். தேர்தல் பிரசார ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா, வாக்காளர்களைக் குறிவைக்க ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்களை எடுத்த விவகாரம் 2018-இல் வெடித்தது. அதில், ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த செயலியை நிறுவியவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்தான். அவர்களுடைய நண்பர் பட்டியல் வழியாக 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் தகவல்கள் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதனால் தேர்தல் முடிவே மாறியது என்பது நிரூபிக்கப்படவில்லை (கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா அடித்துக்கொண்ட தம்பட்டத்தில் பாதியைத் தள்ளிவிடலாம்). என் கவலை வேறு: யாரிடம் என்ன சொல்லப்பட்டது என்பதே பொதுவில் பதிவாகாவிட்டால், வென்றவரிடம் எதைக் காட்டிக் கணக்குக் கேட்பது? ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டம், அரசியல் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார் என்பதை வெளியிடச் சொல்கிறது. அதற்கு ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் கூகுளும் அளித்த பதில், அங்கே அரசியல் விளம்பரமே வேண்டாம் என்று கடையைக் கட்டிக்கொண்டதுதான்.