மாஸ்க் போட்டாச்சு, கண்ணுக்கு என்ன செய்வது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு மருந்துக்கடையில் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறேன். வயது 34. காண்டாக்ட் லென்ஸ் போடுவேன். ஊரெல்லாம் சளியும் காய்ச்சலுமாக இருப்பதால் நாள் முழுக்க மாஸ்க்கோடுதான் நிற்கிறேன். இரண்டு வாரமாகக் கண் உறுத்துகிறது, எரிகிறது, கசக்காமல் இருக்க முடியவில்லை. கண் வழியாகவும் வைரஸ் உள்ளே போகும் என்கிறார்கள். கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டுமா, டாக்டர்?

பதில்: முதலில் ஒன்று. லென்ஸை இன்றைக்கே கழற்றிவிடுங்கள், பழைய மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கண் வழியாக வைரஸ் போகும் என்பது உண்மைதான். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சற்று நேரத்தில் தொண்டையில் கசக்குமே, கவனித்திருக்கிறீர்களா? இமைகளின் உள்மூலையில் ஊசிமுனை அளவுக்குச் சின்னத் துளைகள் இருக்கின்றன. கண்ணீர் அந்த வழியாகத்தான் மூக்குக்குள் இறங்குகிறது. கண்ணில் பட்ட கிருமிக்கும் அதே பாதை திறந்திருக்கிறது. சில வைரஸ்கள் கண்ணிலேயே தங்கிப் பெருகவும் செய்யும். 2024-இல் அமெரிக்கப் பால் பண்ணைகளில் மாடுகளிடமிருந்து எச்5என்1 பறவைக் காய்ச்சல் தொற்றிய தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குக் கண் சிவந்திருந்தது. நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்வதை உண்டாக்கும் அடினோ வைரஸும் காய்ச்சல், தொண்டைவலியோடு சேர்ந்தே வரக்கூடியது.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது ‘கசக்காமல் இருக்க முடியவில்லை’ என்ற வரிதான். நோயாளி நீட்டிய சீட்டையும் சில்லறையையும் வாங்கிய விரல் அடுத்த நிமிஷம் கண்ணுக்குப் போகிறது. கண்ணைப் பொறுத்தவரை, எதிரில் நின்று இருமுகிறவரைவிட அந்த விரலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வகுப்பில் வைத்துக் கவனித்தார்கள். தொற்று பற்றிப் படிக்கிற அவர்களே சராசரியாக மணிக்கு 23 முறை முகத்தைத் தொட்டார்கள். கண் எரியாதவர்களுக்கே அப்படி என்றால், எரிகிறவருக்குக் கை சும்மா இருக்குமா?

அதனால் எரிச்சலை நிறுத்துவதுதான் உங்களுக்கு முதல் பாதுகாப்பு. மாஸ்க்கின் மேல்விளிம்பு மூக்கோடு ஒட்டாமல் இருந்தால், விடுகிற மூச்செல்லாம் நேராகக் கண்ணில் வீசிக் கண்ணீரை உலர்த்திவிடும். மூக்குக் கம்பியை நன்றாக அழுத்திவிடுங்கள். போதவில்லை என்றால் மேல்விளிம்பில் காயத்துக்கு ஒட்டும் காகிதப் பிளாஸ்திரியை ஒட்டலாம். கண்ணாடியில் ஆவி படிவதும் அதோடு நிற்கும். மின்விசிறி முகத்துக்கு நேராக இருந்தால் திருப்பி வையுங்கள். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் கலந்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு உங்கள் கடையிலேயே இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு முறை, கையைக் கழுவிவிட்டு விடுங்கள்.

அதே அலமாரியில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். சிவப்பு இரண்டே நாளில் மறையும், குணமாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழிப் புண் பரவிவிடும். தொடர்ந்து விட்டால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம். ‘போன தடவை கொடுத்ததையே கொடுங்க’ என்று கேட்டு வருகிறவர்களுக்கும் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். பல பேருடைய பார்வை உங்கள் கவுன்ட்டரில்தான் இருக்கிறது.

சரி, கண்ணை மூட வேண்டுமா? கடையில் மூக்குக் கண்ணாடி போதும். பக்கவாட்டில் திறந்திருந்தாலும் நேரே தெறிப்பதை ஓரளவு தடுக்கும், கை கண்ணுக்குப் போவதையும் கொஞ்சம் தடுக்கும். வீட்டில் காய்ச்சல்காரரை நெருங்கிப் பார்த்துக்கொள்ளும்போதும், நெபுலைசர் வைக்கும்போதும் மட்டும் சுற்றிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது கண் சிவந்தால் துண்டும் தலையணை உறையும் தனித்தனியாக இருக்கட்டும். அடினோ வைரஸ் சானிடைசருக்குச் சுலபத்தில் மசியாது, சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் நல்லது. பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்று இன்னமும் நம்புகிறார்கள், அது உண்மையில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டவருக்குக் கண் கூச்சம் குறையும், அவ்வளவுதான். அப்புறம், கண்ணில் தாய்ப்பால் விடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இப்போது லென்ஸ் விஷயம். லென்ஸ் போடுகிறவருக்கு இரண்டு வாரம் உறுத்தல் இருந்தால் அதை வெறும் வறட்சி என்று விட முடியாது, கருவிழியில் கீறலோ புண்ணோ இருக்கலாம். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவும் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இந்த வாரத்துக்குள் கண் மருத்துவரைப் பாருங்கள். வலியோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சமோ, பார்வை மங்கலோ வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். போகும்போது லென்ஸையும் அதன் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புண் இருந்தால், எந்தக் கிருமி என்று அதிலிருந்தும் சோதித்துப் பார்ப்பார்கள்.