கீசரில் உப்பு படிவதைக் காந்தம் தடுக்குமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். போர் தண்ணீர்தான். கீசர் காயில் இரண்டு முறை எரிந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் வெள்ளையாகக் கல் மாதிரி அப்பியிருக்கிறது. குழாயின் மேல் ஒரு காந்தக் கருவியை மாட்டினால் போதும், சாஃப்ட்னருக்குப் போடுவது மாதிரி உப்பும் வேண்டாம் கரண்டும் வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் வேறு உருப்படியான வேலை செய்யலாம்.

காயிலில் அப்பியிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். போர் தண்ணீரில் அது பைகார்பனேட்டாகக் கரைந்தே இருக்கிறது. தண்ணீர் சூடானதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிச்சமிருக்கும் கார்பனேட் கரையாமல் படியும். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும். உங்கள் கீசரில் அது காயில்.

காந்தக் கருவி தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. விற்பவர்களே இதை ஒப்புக்கொள்வார்கள். படிகத்தின் வடிவம் மாறும், அதனால் ஒட்டாமல் தூளாக அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அவர்கள் வாதம். பெல்ஜியத்தின் வெர்மைரன் 1945இல் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்து ஓடும் கதை இது. முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. டப்ளினில் கோய், காஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், காந்தப் புலத்தின் வழியே போன தண்ணீரைச் சூடாக்கியபோது சுண்ணாம்பின் வழக்கமான படிகமான கால்சைட் குறைந்து அராகனைட் என்ற இன்னொரு படிகம் கூடியது. ஆனால் அது ஆய்வகம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு நிஜமான வெந்நீர்க் குழாய்களில் இரண்டு காந்தக் கருவிகளையும் ஒரு மின்னணுக் கருவியையும் மாட்டிச் சோதித்து, 2001இல் முடிவை வெளியிட்டது. கருவி மாட்டாத குழாயோடு ஒப்பிட்டால் எதிலும் படிவு குறையவில்லை. அதோடு உங்கள் கீசரில் தண்ணீர் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. அப்படியே தூளானாலும் அதை அடித்துக்கொண்டு போக ஓட்டம் எங்கே?

கரண்டு பில் பாதியாகும் என்று சொன்னாலும் நம்பாதீர்கள். காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால், படிவு இருந்தாலும் சூடு தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். பில்லில் பெரிய வித்தியாசம் வராது. படிவுக்குள் மாட்டிக்கொண்ட காயில் தானே கொதித்து எரிந்துபோவதுதான் உண்மையான நஷ்டம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதை அளந்துவிடுங்கள். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் சொல்லும், இதைத் தனியாகக் காட்டாது. சிவப்பு நிறம் நீலமாகும் வரை சொட்டு எண்ணும் கிட் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை.

எண் 300, 400க்கு மேல் போனால் ரெசின் சாஃப்ட்னர்தான் சரியான வழி. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடும்: 100 மி.கி. கடினத்தன்மைக்குச் சுமார் 46 மி.கி. சோடியம். அதனால் குளியலறை லைனுக்கு மட்டும் வையுங்கள். குடிக்கும் லைன் தனியாக இருக்கட்டும், வீட்டில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருந்தால் கட்டாயம். உப்பு போட்டு ரீஜெனரேஷன் செய்ய, அதாவது ரெசின் பிடித்த கால்சியத்தைக் கழுவி வெளியேற்ற மறந்தால் அதுவும் வெறும் டப்பாதான்.

அவ்வளவு செலவு செய்ய மனமில்லையா? தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்குக் குறையுங்கள், படிவது மெதுவாகும். வருஷத்துக்கு ஒரு முறை மெயினை அணைத்து, காயிலைக் கழற்றி, லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) கரைத்த வெந்நீரில் ஊறவிடச் சொல்லுங்கள். வயர் மாட்டும் முனை நனையக் கூடாது. நுரைத்து நுரைத்துக் கல் உதிரும். பாத்ரூம் ஆசிட்டை மெக்கானிக் எடுத்தால் தடுத்துவிடுங்கள், அது உலோகத்தையே அரித்துவிடும். திறந்த கையோடு ஆனோடு ராடையும், அதாவது டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் உலோகக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் நடுவிலுள்ள மெல்லிய கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் புதிது போட வேண்டும், இல்லையென்றால் அடுத்து ஓட்டை விழுவது டேங்க்கில்.