ஸ்நேக் பைட்டின் பந்தய வாழ்க்கை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மோட்டார் பந்தயங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் மகனுக்கு எட்டு வயது. அவனிடம் இருக்கும் ஹாட் வீல்ஸ் பொம்மைகளில் பிக்ஃபுட் என்ற, ராட்சதச் சக்கரங்கள் கொண்ட நீல நிற மான்ஸ்டர் டிரக்கும் ஒன்று. அதைப் பற்றித் தேடியபோது, அதே குழு ஸ்நேக் பைட் என்ற இன்னொரு வண்டியையும் பொம்மை நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியதாகவும், முகமூடி அணிந்த ஒருவர் அதை ஓட்டியதாகவும் அறிந்தேன். பொம்மை விற்பதற்காகவே பிறந்த ஒரு வண்டிக்குப் பந்தய வாழ்க்கை என்று ஒன்று இருந்திருக்க முடியுமா? வெற்றியும் தோல்வியும் முன்பே பேசி வைக்கப்பட்டவைதாமா? என் மகனின் கேள்வி வேறு. நிஜ வண்டியின் சக்கரமும் இவ்வளவு பெரியதா என்று கேட்கிறான்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஸ்நேக் பைட்டுக்குப் பந்தய வாழ்க்கை இருந்தது. அது பொம்மையோடு பிணைந்திருந்தது என்பதற்காக அதைக் குறைத்து மதிப்பிடுவது, அந்த வண்டியைக் கட்டியவர்களுக்கும் ஓட்டியவர்களுக்கும் இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஹாட் வீல்ஸ் பொம்மைகளைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனமும், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இயங்கிய பாப் சாண்ட்லரின் பிக்ஃபுட் குழுவும் கைகோத்து 1991 இல் ஸ்நேக் பைட்டை உருவாக்கின. பிக்ஃபுட் நாயகன் என்றால் அதற்கு எதிராக நிற்க ஒரு வில்லன் வேண்டும் என்பதுதான் யோசனை. ஓட்டுநர் ஜீன் பேட்டர்சனுக்கு முகமூடி அணிவித்து, கோல்ட் கோப்ரா என்று பெயரிட்டு, கொலராடோவின் கோப்ரா கிரீக் அவருடைய ஊர் என்று ஒரு கதையும் சொன்னார்கள். பெயர், ஊர், பகை மூன்றும் கற்பனை. ஆனால் பச்சை விளக்கு எரிந்த பிறகு நடந்தது கற்பனை அல்ல.

மான்ஸ்டர் டிரக் பந்தயத்தில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்த தடங்களில் ஒரே நேரத்தில் புறப்பட்டு, நசுக்கப்பட்ட கார்களும் மண்மேடுகளும் கொண்ட தடைகளைத் தாண்டி எல்லைக்கோட்டை அடைய வேண்டும். முந்துபவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார், பிந்துபவர் வெளியேறுகிறார். நீங்கள் சந்தேகப்படுவதுபோல், கூட்டத்தை மகிழ்விப்பதற்கென்றே நடத்தப்பட்ட காட்சி ஓட்டங்களும் அந்தக் காலத்தில் ஏராளமாக இருந்தன. அவற்றையும், ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி கணக்கிட்டு ஆண்டு முடிவில் பட்டம் வழங்கிய தொடர்களையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பொம்மைப் புகழால் புள்ளித் தொடரில் வெற்றியை வாங்க முடியவில்லை என்பதற்குப் பிக்ஃபுட்டின் வரலாறே சாட்சியாக இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிக்ஃபுட்டே ஒரு விளம்பரமாகப் பிறந்த வண்டிதான். எழுபதுகளின் நடுவில் சாண்ட்லரும் அவருடைய மனைவி மர்லினும் நண்பர் ஜிம் கிரேமரும் செயின்ட் லூயிஸ் அருகே நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான ஒரு கடையைத் தொடங்கினார்கள். சாண்ட்லர் தம்முடைய 1974 ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பில் பெரிய டயர்களையும் ராணுவ லாரிகளின் அச்சுகளையும் பொருத்தி, கடை எதை விற்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே அதை ஊரெங்கும் ஓட்டினார். 1981 இல் மிசௌரியில் ஒரு வயலில் இரண்டு பழைய கார்களை வைத்து அவற்றின் மேல் ஏறிப் பார்த்தார். அந்த ஒளிப்பதிவைப் பார்த்த நிகழ்ச்சி அமைப்பாளர்கள், கூட்டத்தின் முன் அதையே செய்யும்படி அழைத்தார்கள். எண்பதுகளின் நடுவிலேயே பிளேஸ்கூல் நிறுவனத்தின் பொம்மையாகவும், 1985 இல் ஒரு கார்ட்டூன் தொடரின் நாயகனாகவும் பிக்ஃபுட் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆக, இந்த விளையாட்டில் வணிகம் இடையில் புகுந்த ஒன்றல்ல. வணிகத்தின் மடியில்தான் இந்த விளையாட்டே பிறந்தது.

இத்தனை புகழோடு 1988 இல் டிஎன்டி நிறுவனம் நடத்திய புள்ளித் தொடருக்குள் நுழைந்த பிக்ஃபுட், பட்டத்தை வெல்லவில்லை. மினசோட்டாவைச் சேர்ந்த எவரெட் ஜாஸ்மரின் யுஎஸ்ஏ-1 என்ற செவ்ரோலே வண்டி அதை வென்றது. அமெரிக்காவில் ஃபோர்டு ரசிகர்களும் செவ்ரோலே ரசிகர்களும் ஒருவரையொருவர் எவ்வளவு தீவிரமாகப் பார்ப்பார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தோல்வியின் கனம் புரியும். முடிவுகள் பேசி வைக்கப்பட்டிருந்தால், கடைகளில் பொம்மையாக விற்றுக்கொண்டிருந்த நாயகனைத் தோற்கவிட்டிருக்க மாட்டார்கள்.

அந்தத் தோல்விக்குச் சாண்ட்லர் கொடுத்த பதில்தான் இந்த விளையாட்டின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதுவரை மான்ஸ்டர் டிரக் என்பது, சாதாரண பிக்கப் லாரியின் சேசிஸை, அதாவது அடிச்சட்டகத்தை, வலுப்படுத்தி உயர்த்திக் கட்டிய கனத்த பொருளாகவே இருந்தது. இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குகள் அதைத் தாங்கின. காரின் மேல் ஊர்ந்து ஏறி நசுக்குவதற்கு அது போதுமானது. வேகமாக வந்து பறந்து இறங்குவதற்குப் போதாது. இறங்கும்போது அச்சு முறியும், அல்லது வண்டி துள்ளித் துள்ளித் தடத்தை விட்டு விலகும். 1989 இல் வந்த பிக்ஃபுட் 8 கணினியின் துணையோடு வடிவமைக்கப்பட்டது. லாரிச் சட்டகத்தை முற்றிலும் விலக்கிவிட்டு இரும்புக் குழாய்களை இணைத்தே முழு உடலையும் கட்டினார்கள். நைட்ரஜன் அழுத்தத்தில் இயங்கும் ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தினார்கள். சக்கரம் நெடுந்தூரம் மேலும் கீழும் பயணிக்க, உடல் ஏறக்குறைய சமநிலையில் நிற்கும். 1990 இல் ஆண்டி பிராஸ் அந்த வண்டியில் பட்டத்தை வென்றார். இன்று ஓடும் மான்ஸ்டர் டிரக்குகளும் குழாய்ச் சட்டகமும் நைட்ரஜன் ஷாக்குகளும் கொண்டவைதாம். ஃபைபர்கிளாஸ் மேற்கூடு வெறும் முகம். எடையைத் தாங்குவதில் அதற்குப் பங்கே இல்லை.

இந்தத் தொழில்நுட்ப மாற்றம் இல்லாமல் ஸ்நேக் பைட்டைப் புரிந்துகொள்ள முடியாது. மேற்கூட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம் என்ற நிலை வந்த பிறகுதான், ஒரு பந்தயக் குழு தன் பட்டறையிலிருந்தே நாயகனையும் வில்லனையும் அனுப்புவது எளிதாயிற்று. ஆகவே ஸ்நேக் பைட்டின் பந்தய வாழ்க்கை என்பதை ஒரே இரும்பு உடலின் வாழ்க்கை என்று எண்ண வேண்டாம். அது ஒரு பெயரின் வாழ்க்கை. பிக்ஃபுட் வண்டிகளும் அப்படித்தான். அவற்றுக்கு வரிசை எண்கள் உண்டு. 13 என்ற எண்ணை மட்டும் ராசியில்லை என்று விட்டுவிட்டார்கள் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அவன் ரசிப்பான்.

எனக்கு மனத்தாங்கல் உள்ள இடம் அந்த முகமூடிதான். நம் தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுபவர் யார் என்பது ஊருக்கே தெரியும். வேடம் கலைஞரின் பெயரை மறைப்பதில்லை, உயர்த்துகிறது. கோல்ட் கோப்ராவின் முகமூடி ஜீன் பேட்டர்சனுக்கு அப்படிச் செய்யவில்லை. ஐந்து டன் அளவுக்கு எடையுள்ள ஒரு வண்டியைக் காற்றில் எழுப்பி, பின்சக்கரங்களைத் தனியாக ஒரு சுவிட்சால் திருப்பிக்கொண்டே, அது தரையில் விழும் அதிர்ச்சியைத் தன் கழுத்திலும் முதுகிலும் வாங்கிக்கொள்ளும் மனிதருடைய வெற்றி, இல்லாத ஊரைச் சேர்ந்த இல்லாத ஒருவரின் கணக்கில் எழுதப்படுவது சரியல்ல. பொம்மை நிறுவனத்தின் பணம் பந்தயத்தைப் பொய்யாக்கியது என்று நான் நம்பவில்லை. ஆனால் ஓட்டியவரின் பெயரை அது பின்னுக்குத் தள்ளியது என்று உறுதியாகச் சொல்வேன். ஸ்நேக் பைட்டைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் பேட்டர்சனின் பெயரையும், அதற்குப் பிறகு பாத்திரத்தின் பெயரையும் எழுத வேண்டும்.

வணிகம் தீர்மானித்த மற்றொன்று, எந்த வண்டி எந்த அரங்கில் ஓடலாம் என்பது. 1998 இல், மான்ஸ்டர் ஜாம் நிகழ்ச்சிகளை நடத்திய அமைப்போடு, பிக்ஃபுட்டின் படங்களையும் ஒளிப்பதிவுகளையும் பயன்படுத்தும் உரிமை தொடர்பாக ஏற்பட்ட பிணக்கினால் சாண்ட்லரின் குழு அந்தப் போட்டிகளை விட்டு விலகியது. ஒரு வண்டியின் உருவம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, பொம்மைகளால்தான் இவ்வளவு விலை மதிப்புப் பெற்றது. மிகப் பெரிய அரங்குகளில் பிக்ஃபுட் இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. அவர்களுக்கு மான்ஸ்டர் ஜாமில் ஓடிய கிரேவ் டிக்கர் என்ற வண்டிதான் மான்ஸ்டர் டிரக். இருந்தும், விலகிய மறு ஆண்டே, 1999 செப்டம்பரில், டென்னசியின் ஸ்மைர்னாவில் ஓட்டுநர் டான் ரன்டே பிக்ஃபுட் 14 ஐ ஒரு போயிங் 727 விமானத்தின் மேலாக 202 அடி தூரம் பறக்கவிட்டு உலக சாதனை படைத்தார். போட்டி அரங்கின் கதவு சாத்தப்பட்டாலும் இந்தக் குழுவுக்குச் செய்ய வேலை இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

மான்ஸ்டர் ஜாம் வண்டிகளைப் பொம்மையாக்கும் உரிமை நெடுங்காலம் மேட்டலிடமே இருந்தது. 2019 இலிருந்து அது ஸ்பின் மாஸ்டர் நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஹாட் வீல்ஸ் தன் பெயரிலேயே அரங்க நிகழ்ச்சிகளுக்குத் துணை நின்றது. அதில் பிக்ஃபுட்டும் இடம்பெற்றது. படங்களின் உரிமையால் வெளியேறிய வண்டி, ஒரு பொம்மையின் பெயரோடு அரங்குக்குத் திரும்பியது. அதனுடன் ஓடும் போன் ஷேக்கர், லாரி வுட் என்ற வடிவமைப்பாளர் உள்ளங்கை அளவில் வரைந்து 2006 இல் பொம்மையாக வெளிவந்த வடிவம். பிறகுதான் அது மான்ஸ்டர் டிரக்காக வளர்ந்தது. இந்த நிகழ்ச்சிகள் பந்தயத்தைவிடக் காட்சிக்கே நெருக்கமானவை. பிக்ஃபுட் 8 காலத்துப் புள்ளித் தொடர்களின் கடுமையை அவற்றில் தேட வேண்டாம். குழந்தைகளோடு பார்க்க நல்ல நிகழ்ச்சிகள்தாம்.

உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். ஆம், சக்கரம் உண்மையிலேயே அவ்வளவு பெரியது. பந்தயங்களில் பயன்படும் டயர் 66 அங்குல உயரமும் 43 அங்குல அகலமும் கொண்டது. உயரத்தில் அவனை விடப் பெரியது. வயல்களில் உரம் தூவும் பெரிய வண்டிகளுக்காகத் தயாரிக்கப்பட்ட டயர்களையே முதலில் எடுத்துப் பொருத்தினார்கள். எடையைக் குறைப்பதற்காக அதன் ரப்பர்க் கட்டிகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து கையால் செதுக்கி எடுப்பார்கள். அவனிடம் இருப்பது 64 இல் 1 பங்கு அளவிலான பொம்மை என்றால், அந்தக் கணக்கின்படி சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓர் அளவுகோலைக் கொடுத்து அவனையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கூடினாலும் குறைந்தாலும், பொம்மை செய்தவர்கள் எங்கே மாற்றினார்கள் என்பதை அவனே கண்டுபிடித்து எனக்கு எழுதட்டும்.