குடுவை காய்ந்துவிட்டால் செடி செத்துவிட்டதா?

கேள்வி: ஆன்லைனில் 700 ரூபாய்க்கு நெபந்தஸ் என்ற, பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி வாங்கினேன். வந்த இரண்டே வாரத்தில் குடுவைகள் எல்லாம் காய்ந்துவிட்டன. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? விதை மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: புகார் போடும் முன் இலையைப் பாருங்கள். பார்சலில் குலுங்கி, குடுவைக்குள் இருந்த நீர் கொட்டி, ஈரப்பதமும் மாறி வரும் செடியில் பழைய குடுவைகள் காய்வது சகஜம். இலை பச்சையாக விறைப்பாக இருந்து, நடுக்குருத்தும் நன்றாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். புது இலையின் நுனியிலிருந்து நீளும் பற்றுக்கம்பியின் முனை மெல்ல உப்புகிறதா என்று கவனியுங்கள். அதுதான் அடுத்த குடுவை. மூடி ஒட்டியபடியே வளர்ந்து, பெரிதான பிறகுதான் திறக்கும்.

உங்கள் ஊரில் நான் அதிகம் பயப்படுவது போர் தண்ணீருக்குத்தான். உப்பு தொட்டியில் சேர்ந்து வேரைக் கெடுத்துவிடும். மழைநீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் ஆர்.ஓ. நீர், டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 50-க்குள் இருந்தால் நல்லது. செம்மண், மண்புழு உரம் எதுவும் வேண்டாம். சத்தில்லாத மண்ணில் வளர்ந்து, நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ளும் செடி இது. ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் (எடையில்லாத வெள்ளைக் கல் துகள்) போதும். தேங்காய் நார்த்தூள் சேர்ப்பதானால் உப்பு போகப் பலமுறை அலசுங்கள். காலை வெயில் படட்டும், மதியத்துக்கு நிழல்வலை கட்டுங்கள். குடுவைக்குள் கறித்துண்டு போடவே கூடாது, அழுகிவிடும்.

சரி, குருத்தே அழுகி வந்திருந்தால்? பெட்டியைத் திறந்தபோது எடுத்த படங்களுடன் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விதை வேண்டவே வேண்டாம். நெபந்தஸ் விதையின் முளைப்புத்திறன் சீக்கிரமே போய்விடும். முளைத்தாலும் படத்தில் பார்த்த மாதிரி குடுவை வரப் பல வருடம் ஆகும். பளிச்சென்ற நீலக் குடுவைப் படம் போட்டிருந்தால் அது நிறம் மாற்றிய படம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், 'காசியானா' என்ற பெயரில் விற்றால் நர்சரியில் பெருக்கியதுதானா என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே நெபந்தஸ் அது. மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் அழியும் நிலையில் இருக்கிறது, சட்டப் பாதுகாப்பும் உண்டு. பதில் மழுப்பலாக வந்தால் வாங்காதீர்கள். தொடங்குபவர்களுக்கு 'வெண்ட்ராட்டா' கலப்பினமே நல்லது. விலையும் குறைவு, நம் வெயிலையும் ஓரளவு தாங்கும்.