அணைத்தாலும் பாத்ரூம் பல்பு மங்கலாக எரிந்தால்

புது சுவிட்ச் போட்டபின், அணைத்தாலும் எல்இடி மங்கலாக எரிகிறது என்றால் சுவிட்ச் கெட்டதல்ல. பெரும்பாலும் ஃபேஸுக்குப் (கரண்ட் வரும் வயர்) பதில் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் வயர்) சுவிட்ச்சில் மாட்டியிருப்பீர்கள். அப்படியானால் அணைத்தாலும் ஹோல்டரில் எப்போதும் கரண்ட் நிற்கும். ஈரத்தரையில் நின்று பல்பு மாற்றினால் உயிருக்கே ஆபத்து. இன்றே சரிசெய்யுங்கள்.

சுவிட்ச்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் வையுங்கள். செருப்போடு, காய்ந்த மர ஸ்டூலில் நின்று. ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் அதுதான் கோளாறு.

மெயினை இறக்கிவிட்டு ஃபேஸை சுவிட்ச்சுக்கும், நியூட்ரலை நேரே ஹோல்டருக்கும் மாற்றுங்கள். கறுப்புதான் நியூட்ரல் என்று நம்பாதீர்கள்; பழைய வீடுகளில் நிறம் மாறியிருக்கும். வயர் நுனியை 8 மி.மீ. சீவி முறுக்கி இறுக்குங்கள். மேலுறை திருகுக்கடியில் சிக்கினால் சூடேறிக் கருகும்.

சுவிட்ச்சில் இண்டிகேட்டர் (குட்டி விளக்கு) உண்டா? வயரிங் சரியாக இருந்தாலும் அதன் வழியே கசியும் கரண்டில் எல்இடி மினுங்கும். அப்போது இண்டிகேட்டர் இல்லாத 6 ஆம்பியர் சுவிட்ச் போதும்.