ஒரு யூரோ வீடும் ஓடு உடைந்த வளவும்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். எட்டு மாதமாக ராத்திரி சாப்பிட்டதும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். இத்தாலியில் சிசிலித் தீவில் ஒரு யூரோவுக்கு வீடு கொடுக்கிறார்களாம். இடிந்த வீட்டைக் காட்டி, "இதுக்கு எத்தனை மூட்டை சிமென்ட் பிடிக்கும், சொல்லு" என்கிறார். சிரித்தால் கோபம் வருகிறது. போன வாரம், மகள் கல்யாணத்துக்குப் போட்ட டெபாசிட்டை எடுக்கலாமா என்று கேட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரில் இருக்கிற பெரிய வீட்டையே பங்காளிகள் பூட்டிப் போட்டு மழையில் நனைகிறது, இவர் கடல் தாண்டிப் போகிறார். எப்படித் தடுப்பது?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: ஆச்சி, டெபாசிட்டைத் தொட வேண்டாம். அதில் மறுபேச்சே இல்லை. மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

அவர் சொல்வது கட்டுக்கதை அல்ல. சம்புகா, முசோமெலி போன்ற சிசிலி ஊர்களில் உண்மையிலேயே அப்படி வீடு விற்றிருக்கிறார்கள். பிழைப்புத் தேடி வடக்கேயும் அமெரிக்காவுக்கும் போனவர்களின் வீடுகள் அவை. ஆள் இல்லாமல் தெருவே இருண்டு போனதால், யாராவது வந்து விளக்கேற்றினால் போதும் என்று நகராட்சிகள் இறங்கி வந்தன. ஆனால் அந்த ஒரு யூரோ, கடைவாசலில் 'இவ்வளவு ரூபாய் முதல்' என்று எழுதிப் போடுகிற விலை மாதிரிதான். 2019இல் பேர்வாங்கிய சம்புகாவில் அது ஏலத்தின் ஆரம்ப விலை மட்டுமே. வாங்குகிறவர் பொதுவாக 5,000 யூரோ வைப்புத்தொகை கட்ட வேண்டும். நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. மூன்று வருஷத்துக்குள் வீட்டைச் சீர் செய்யாவிட்டால் அந்த வைப்புத்தொகை போய்விடும். பத்திரச் செலவு தனி. பழைய கல் கட்டடத்தைக் குடியிருக்கத் தக்கதாக்க இன்னும் பல ஆயிரம் யூரோ வேண்டும். இவர் எண்ணுகிற சிமென்ட் மூட்டை அங்கே காரைக்குடி விலையில் கிடைக்காது, கொத்தனார் கூலியும் அப்படித்தான்.

இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இத்தாலியில் குடியிருக்காத வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்க வேண்டுமானால், அவருடைய நாடு இத்தாலியருக்கு அதே உரிமையைத் தந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நம் அன்னியச் செலாவணிச் சட்டமோ, இங்கே குடியிருக்காத வெளிநாட்டவரை வீடு வாங்க விடுவதில்லை. 'அப்படியென்றால் எனக்கு விற்பீர்களா?' என்று அந்த ஊர்ப் பத்திர அதிகாரியிடம் எழுத்தில் பதில் வாங்காமல் அவர் ஒரு காசுகூட அனுப்பக் கூடாது. முன்பணம் கட்டினால் இடம் பிடித்து வைக்கிறேன் என்று எவனாவது போன் செய்தால் உடனே வைத்துவிடச் சொல்லுங்கள்.

வாங்க முடிந்தாலும் வீடுதான் கிடைக்கும், விசா கிடைக்காது. சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், அவ்வளவே. பணம் அனுப்புவதற்கு ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுமதிக்கிறது. பத்து லட்ச ரூபாயைத் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வரியாக முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை கையில் இருக்காது. அந்த வீட்டை வருமான வரிப் படிவத்தில் வருஷாவருஷம் காட்டவும் வேண்டும். மறந்தால் அபராதம் பத்து லட்சம் வரை போகும்.

வெளியூர்ச் சொத்து உங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. 1930களின் விலை வீழ்ச்சியில் கொடுத்த கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு உங்கள் பக்கத்துச் செட்டியார்கள் கையில் வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் அங்கே நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. இவர் பார்ப்பது பளபளவென்ற துபாய் அடுக்குமாடி அல்ல. இடிந்த வீடு, உடைந்த ஓடு. அதைச் சரிசெய்ய எவ்வளவு பொருள் வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். இத்தாலியிலிருந்து பளிங்கும் பர்மாவிலிருந்து தேக்கும் வரவழைத்துக் கட்டிய வீடு பக்கத்திலேயே ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு ஓடு மாற்றவும் பத்துப் பங்காளிகளைக் கேட்க வேண்டும். தன் ஒருவர் கையெழுத்தில் முடிகிற ஒரு இடிந்த வீட்டைத்தான் மனுஷர் தேடுகிறார் என்று எனக்குப் படுகிறது. நான் தப்பாகவும் இருக்கலாம்; அவரிடமே கேட்டுப் பாருங்கள், சிரிக்காமல்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் போய் வாருங்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், எங்கெங்கே ஒழுகுகிறது என்று போனில் படம் எடுக்கட்டும். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'ஓடு மாற்றப் போகிறேன், இவ்வளவு செலவு, ரசீது வைத்திருப்பேன்' என்று எழுதட்டும். சம்மதமோ ஆட்சேபமோ எழுத்தில் வரட்டும், பின்னால் பாகப்பிரிவினை என்று வந்தால் உதவும். ஒருவர் முறைப்பார், இருவர் பணம் அனுப்புவார்கள், மற்றவர்கள் கட்டைவிரல் படம் போடுவார்கள்.

ராத்திரி அரை மணி நேரம் சிசிலியைப் பார்த்துக்கொள்ளட்டும், அதற்குக் காசில்லை. டெபாசிட் ரசீது மட்டும் உங்கள் பீரோவில் இருக்கட்டும்.