முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த குரல் பதிவுகளிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் ஒவ்வொருவருக்கும் எழுத்து நின்ற இடம் வேறு, எங்கே நின்றது என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

*அக்கா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஞாயிறு பதிப்புகளில் என் சிறுகதைகள் வந்திருக்கின்றன. ஒரு போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு கதையைக்கூட முடிக்கவில்லை. முதல் பத்தியை எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன். பள்ளி விடுமுறை முழுக்க இப்படியே போய்விட்டது. என்னிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டதா?* (வாசகி, செந்தூல்)

தீரவில்லை டீச்சர். உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி.

கடிதத்தோடு இணைத்திருந்த மூன்று முதல் பத்திகளையும் படித்தேன். மூன்றிலுமே மாலைச் சூரியன் சாய்கிறது, தென்றல் வீசுகிறது, மொழியில் ஒரு பிழை கிடையாது. ஆனால் அங்கே ஆள் யாரும் இல்லை, எதுவும் நடக்கவில்லை, அதனால் அடுத்த வாக்கியத்துக்குப் போக வழியும் இல்லை. அப்புறம் கையெழுத்துக்குக் கீழே, வீடு மாறுகிற வேலையில் இருக்கிறோம், பதில் தாமதமானாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் இதை எழுதியிருக்கிறீர்கள்: ‘அம்மாவின் தையல் மெஷினைப் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்தில் ஓடுகிற தோல் பட்டையை மட்டும் கழற்றி, சுருட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டார்.’

இதில் ஒரு சொல்கூட அடித்துத் திருத்தப்படவில்லை. கதைக்கு வராத எழுத்து பின்குறிப்புக்கு எப்படி வந்தது? பின்குறிப்புக்குப் பரிசு கிடையாது, அதை யாரும் திருத்தப் போவதில்லை, சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள், முடிந்தது. கதை என்று உட்காரும்போது மட்டும் போட்டி நடுவர்கள் எல்லோரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் வகுப்பில் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறவர். முன்னுரை கவரும்படி இருக்க வேண்டும், கருத்துக்கு ஒரு பத்தி, நடுவில் ஒரு மரபுத்தொடர், ஓர் இரட்டைக்கிளவி, பொருத்தமான குறள், கடைசியில் முடிவுரை. பிள்ளைகளுக்கு அது வேண்டும், புள்ளிகள் அதில்தான் இருக்கின்றன. ஆனால் வருஷக்கணக்காகச் சிவப்புப் பேனாவோடு அதையே பார்க்கிற கண், வீட்டுக்கு வந்ததும் மாறிவிடாது. மைக் ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக மாணவர்கள் 10 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 5 பேருக்கு எழுத்து ஓடியது, 5 பேருக்கு நின்றுபோனது. நின்றுபோனவர்கள் திறமை இல்லாதவர்கள் இல்லை, எங்கேயோ கற்ற விதிகளை மீற முடியாத கட்டளைகளாகப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு மாணவிக்கு ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே பிழையில்லாமல் வர வேண்டும். இன்னொரு மாணவிக்குக் கட்டுரையின் தொடக்கமே படிப்பவரை இழுத்துப் பிடிக்க வேண்டும், அது அமையும்வரை மேலே நகர மாட்டார். எழுத்து ஓடியவர்களுக்கும் விதிகள் இருந்தன, ஆனால் ஒரு விதி உதவவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தார்கள்.

அதனால் நீங்கள் முதல் பத்தியை எழுதவே வேண்டாம். தாளில் மேலே கால் பக்கம் காலியாக விட்டுவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சியிலிருந்து ஆரம்பியுங்கள், அது கதையின் நடுவில் வந்தாலும் சரி. கணினி வேண்டாம், அதில் அழிப்பது ரொம்பச் சுலபம். பேனாவில் எழுதுங்கள், பிடிக்காத வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே இன்னொன்றை எழுதுங்கள். முழுக்கதையும் ஒரு தடவை வந்து முடியும்வரை மேலே திரும்பிப் படிக்காதீர்கள், அப்போது அந்தக் கால் பக்கத்துக்கு என்ன தேவை என்று தெரிந்துவிடும், பல சமயம் ஒன்றுமே தேவைப்படாது. தினமும் எழுத்து தீர்ந்துபோகும்வரை எழுதாமல் அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள், மறுநாள் உட்கார்ந்ததும் அந்த வரி காத்திருக்கும்.

எந்தக் கதை என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மா அந்தப் பட்டையை ஏன் எடுத்துக்கொண்டார்? உங்களுக்குத் தெரியாது என்றால் இன்னும் நல்லது, கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறீர்கள்.

*இதெல்லாம் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கா? என் கணவர் சாக்கு என்கிறார்.* (வாசகி, பட்டர்வொர்த்)

இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் பேர் வாங்கித் தந்த கவிதைகளை இருபதுகளிலேயே எழுதிவிட்டு, அதற்கப்புறம் எழுத முடியவில்லையே என்று வருஷக்கணக்காகத் தன் குறிப்பேடுகளில் புலம்பியவர். இதற்கு ஆங்கிலத்தில் இப்போதுள்ள ‘ரைட்டர்ஸ் பிளாக்’ (writer's block) என்ற பெயரை வைத்தவராகச் சொல்லப்படுகிறவர் எட்மண்ட் பெர்க்லர், ஆஸ்திரியாவிலிருந்து நியூயார்க் போன உளப்பகுப்பாய்வாளர், 1940-களில். அவர் காரணத்தைப் பிள்ளைப் பருவத்தில், தாய்ப்பால் வரைக்கும் போய்த் தேடினார், அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன்: சோம்பலில் இருப்பவருக்கு வேலை நடக்கவில்லையே என்ற வலி இருக்காது. நீங்கள் ராத்திரி தூக்கம் வராமல் கிடந்து இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

*நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். நாவல் ஒன்று மனசில் ஓடுகிறது. லீவு நாளில் மூடு வரும் என்று காத்திருப்பேன், வருவதே இல்லை.* (வாசகர், பினாங்கு)

தம்பி, நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து எழுத்து வரவில்லை என்றால் அது களைப்பு, வேறெதுவும் இல்லை. முதலில் தூங்குங்கள். இதை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை, தூக்கம் கெட்ட மூளையால் ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தை அதன் முடிவுவரை பிடித்து வைத்துக்கொள்ளவே முடியாது.

மூடு விஷயத்துக்கு வருகிறேன். ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியல் பேராசிரியர், எழுத முடியாமல் திணறிய கல்வியாளர்களை மூன்று பிரிவாக வைத்துப் பார்த்தார், ஆய்வு 1983-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் அவசியமானதைத் தவிர எதையும் எழுதக்கூடாது. இரண்டாவது பிரிவினர் மனசு வந்தால் எழுதலாம். மூன்றாவது பிரிவினர் குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும், தவறினால் தங்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். அதிகப் பக்கம் எழுதியவர்கள் மூன்றாவது பிரிவினர் என்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் புதிய யோசனைகள் அதிகம் வந்ததும் அவர்களுக்குத்தான். எழுத எழுதத்தான் யோசனை வருகிறது, யோசனை வந்தபின் எழுதலாம் என்று இருந்தவர்களுக்கு அதுவும் குறைவாகவே வந்தது.

உங்களுக்கு லீவு நாள் முழுவதும் வேண்டாம். தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் தாண்டுகிற நேரம் இருக்கிறதே, அது போதும். கைப்பேசியில் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது, மெல்லப் பேசினாலும் ஓரளவு எழுதிக்கொள்ளும். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் கூச்சமாக இருக்கும், அப்போது நாலு வரி தட்டுங்கள். எந்த நேரம் என்பது முக்கியமில்லை, தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம்.

*கணவர் தவறிய பிறகு என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. முன்பு மாதம் ஒரு கவிதையாவது வரும். இப்போது படிக்கவும் பிடிக்கவில்லை, சமைக்கவும் பிடிக்கவில்லை. பயிற்சி ஏதாவது சொல்லுங்கள்.* (வாசகி, ஆயர் ஈத்தாம்)

அம்மா, உங்களுக்கு நான் பயிற்சி எதுவும் சொல்லப் போவதில்லை. எழுத்து மட்டும் நின்றிருந்தால் பேசலாம், உங்களுக்குப் படிப்பும் சாப்பாடும் சேர்ந்து நின்றிருக்கிறது. தயவுசெய்து பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, கவிதையைப் பற்றிச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றிச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அவர்களே மனநல மருத்துவரிடம் எழுதிக்கொடுப்பார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடு ராத்திரியில் மனசு தாங்காமல் போனால் தொலைபேசியில் ஆறுதலாகக் கேட்கிற ‘பிஃப்ரெண்டர்ஸ்’ (Befrienders) அமைப்பைக் கூப்பிடுங்கள், கோலாலம்பூர் எண் 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். கவிதை இப்போது வர வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

*எனக்கு வயது 74. தோட்டத்தில் பிறந்தவன். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த என் தகப்பனார் வேலை பெர்மிட் கிடைக்காமல் கப்பல் ஏறியதை எழுத நினைக்கிறேன். அந்த இடம் வந்தால் பேனா நின்றுவிடுகிறது. அண்ணன் குடும்பத்தார் படித்தால் வருத்தப்படுவார்களோ என்றும் இருக்கிறது.* (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

ஐயா, இதை நீங்கள் எழுதியே ஆக வேண்டும். 1968-ல் மலேசியாவில் வந்த சட்டத்தால், சிவப்புக் கார்டு வைத்திருந்த குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாகி, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு பத்தியாக இருக்கிறது. துறைமுகத்தில் நின்ற பையனுக்கு என்ன தெரிந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

உங்கள் பேனா இரண்டு காரணத்துக்காக நிற்கிறது என்று படுகிறது. ஒன்று, உங்களுக்கு அந்த நாள் முழுதாகத் தெரியாது. எந்த மாதம், யார் யார் வழியனுப்ப வந்தார்கள், பெட்டியில் என்ன இருந்தது என்று கடிதத்தில் நீங்களே கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். தெரியாத இடத்தில் பேனா நிற்பது நல்ல பேனாவின் குணம். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நாள் விசாரியுங்கள். அதே தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் இன்னும் இருப்பார்கள், அவர்களிடம் பேசுங்கள், பேசும்போது பேரனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தேசிய ஆவணக் காப்பகம், அதாவது அர்க்கிப் நெகாரா, கோலாலம்பூரிலேயே இருக்கிறது.

இரண்டாவது, அண்ணன் குடும்பம். எழுதுவது ஒரு வேலை, வெளியிடுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் முடிவு செய்யப் பார்ப்பதால்தான் கை நடுங்குகிறது. முதலில் எல்லாப் பெயரோடும், எல்லாக் கோபத்தோடும் உங்களுக்காக எழுதி முடியுங்கள். அப்புறம் அண்ணன் மக்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்கிற இடத்தைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம். அவர்களுக்கும் அது தாத்தாவின் கதை.

*அக்கா, பல்கலைக்கழகத்தில் தமிழில் ஆய்வேடு எழுதுகிறேன். யோசனை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. தமிழில் எழுதும்போது அப்படியே உறைந்துவிடுகிறேன்.* (மாணவி, கோலாலம்பூர்)

வருகிற மொழியில் எழுதிவிடும்மா. பாதி மலாய், பாதி தமிழ், நடுவில் ஆங்கிலம், எதுவானாலும் கருத்தை முதலில் தாளுக்குக் கொண்டு வா. தமிழ்ச் சொல் தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போ, அகராதியை அப்போது திறக்காதே, திறந்தால் அரை மணி நேரம் போய்விடும். ஒரு அத்தியாயம் முடிந்ததும் அதை மூடி வைத்துவிட்டு, உன் பாட்டிக்கு விளக்குகிற மாதிரி வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார், சொன்னதை எழுது. வாக்கியத்தை வாக்கியமாக மொழிபெயர்க்காதே, அப்படிச் செய்தால் தமிழ் எழுத்தில் மலாய் நிற்கும்.

*தனியாக உட்கார்ந்தால் ஓடுவதில்லை. குழுவாகச் சேர்ந்தால் உதவுமா?* (வாசகர், ஜோர்ஜ்டவுன்)

உதவும். நம் நாட்டில் அதற்குப் பழைய முன்மாதிரியே இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள், அதில் எழுதிப் பழகியவர்கள் பின்னால் மலேசியச் சிறுகதையில் பெயர் சொல்ல நின்றார்கள். தனித்தனியாக வீட்டில் இருந்தவர்களுக்கு, குறித்த நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும், அதைப் படிக்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய தெம்பாக இருந்திருக்கும்.

நீங்கள் மூன்று பேர் கிடைத்தால் போதும், லெபோ பாசார் பக்கம் கூட்டம் குறைவான கடையாகப் பார்த்து, வாரம் ஒரு நாள் காலையில் உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் பேச்சு கூடாது, கைப்பேசி பையில், எல்லோரும் எழுத வேண்டும். அப்புறம் தே தாரேக் சொல்லிவிட்டு, விருப்பமுள்ளவர் வாசிக்கலாம், விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. வாசித்ததும் மற்றவர்கள் எந்த இடம் மனசில் நின்றது என்று மட்டும் சொல்லட்டும். குறை சொல்வதை, கதை முழுசாக முடிந்து, எழுதியவர் தானாக வந்து கேட்கிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.